புது லேப்டாப்பைத் தயார் செய்யும் ஸ்கிரிப்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புது கணினியில் வேலைச் சூழலை ஸ்கிரிப்ட்டால், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலால், அமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கட்டளைகளை போனில் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, லேப்டாப்பை நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகிறேன். அதற்குப் போய் ஸ்கிரிப்ட் எழுதுவது வீண் வேலை இல்லையா?

வீண் இல்லை தம்பி. நீங்கள் மாற்றாவிட்டாலும் டிஸ்க் ஒரு நாள் போகும். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை எஸ்எஸ்டி படுத்துவிட்டது. நிரல் எல்லாம், மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் பத்திரமாக இருந்தது, ஒரு வரிகூடப் போகவில்லை. ஆனாலும் மறுபடி வேலையில் உட்கார இரண்டரை நாள் ஆயிற்று. எந்த ஜாவா பதிப்பு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எந்த எக்ஸ்டென்ஷன், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத்தில் என்னென்ன என்பதெல்லாம் என் தலையில் மட்டும்தான் இருந்தது. அதிலும் பாதி மறந்துபோயிருந்தது.

இன்றே தொடங்கலாம். உபுண்டு என்றால் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' போடுங்கள். நீங்களாகக் கேட்டு நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியல் வரும். முதல் நிறுவலிலேயே வந்தவையும் அதில் கலந்திருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். மேக்கில் 'பிரூ பண்டில் டம்ப்', விண்டோஸில் 'விங்கெட் எக்ஸ்போர்ட்'. இந்தப் பட்டியலே உங்கள் முதல் ஸ்கிரிப்ட்டுக்குப் பாதி ஆயிற்று.

கேள்வி: என் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினால் வேறு இடத்தில் பிழை. என்ன செய்ய?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். நிறுவல் ஸ்கிரிப்ட்டை எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். நெட் நடுவில் போகும், கரண்ட் போகும்; பாதியில் நிற்பதைத் தவிர்க்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு வரியிலும் 'இது ஏற்கெனவே நடந்திருந்தால்?' என்று கேளுங்கள்.

ஃபோல்டர் உண்டாக்கும் 'எம்கேடிர்' வெறுமனே எழுதினால் இரண்டாம் முறை பிழை தரும். 'மைனஸ் பி' சேர்த்தால் தராது. இணைப்பு உண்டாக்கும் 'எல்என் மைனஸ் எஸ்' இன்னும் மோசம். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டருக்கு இணைப்பு இருந்தால், பிழைகூடச் சொல்லாமல் அந்த ஃபோல்டருக்குள்ளே போய் இன்னொரு இணைப்பை உண்டாக்கும். 'மைனஸ் எஸ் எஃப் என்' என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். 'கிட் குளோன்' செய்யுமுன் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆப்ட் இன்ஸ்டால்' பற்றிக் கவலை வேண்டாம், இருப்பதை அது திரும்ப நிறுவாது.

அப்புறம் பாஷ்ஆர்சி. கட்டளைகளை ஓட்டும் பாஷ் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல் இது. பாத் வரியை 'எக்கோ' போட்டு அந்த ஃபைலின் கடைசியில் ஒட்டுவது எல்லோரும் செய்வது. என்னுடையதை ஒருநாள் திறந்து பார்த்தால் ஒரே வரி 14 முறை அடுக்கியிருந்தது. இப்போது முன்னால் ஒரு 'கிரெப் மைனஸ் க்யூ எக்ஸ் எஃப்' வைக்கிறேன். க்யூ என்றால் எதையும் அச்சிடாமல் தேடு, எக்ஸ் என்றால் முழு வரியும் பொருந்த வேண்டும், எஃப் என்றால் எழுத்தை எழுத்தாகவே பார். அதன் பின்னால் இரட்டை பைப் போட்டு 'எக்கோ'. வரி இல்லாவிட்டால்தான் ஒட்டும்.

கேள்வி: 'செட் மைனஸ் ஈ யூ ஓ பைப்ஃபெயில்' எல்லா ஸ்கிரிப்ட்டிலும் போட வேண்டுமா மேடம்? அது இருந்தால் போதுமா?

போடுங்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஈ பிழை வந்த இடத்தில் நிறுத்தும், யூ வரையறுக்காத மாறியைத் தொட்டால் நிறுத்தும், பைப்ஃபெயில் பைப்பின் (ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குத் தரும் கோட்டின்) நடுவில் விழுந்த பிழையை மறைக்க விடாது. 'இஃப்' நிபந்தனைக்குள் வருவது போன்ற சில இடங்களில் கட்டளை விழுந்தால் ஈ கண்டுகொள்ளாது.

2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற கேம் செயலியின் ஸ்கிரிப்ட்டில் வெளியே வந்த பிழையைச் சொல்கிறேன். ஸ்டீம்ரூட் என்ற மாறியின் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு கேட்காமல் அழிக்கும் 'ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்' எழுதியிருந்தார்கள். ஃபோல்டரை நகர்த்திய ஒருவருக்கு அந்த மாறி வெறுமையாகிவிட்டது. மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும்தான், அதாவது கணினியில் உள்ள எல்லாமே. அவர் கோப்புகள் எல்லாம் அழிந்தன. இதை யூ பிடித்திருக்காது, ஏனென்றால் மாறி இருந்தது, உள்ளேதான் ஒன்றுமில்லை. மாறிப் பெயருக்குப் பின் அடைப்புக்குள்ளேயே முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். அழிக்கிற வரி எதுவானாலும் இந்தக் குறியைப் போடாமல் நான் எழுதுவதில்லை. எழுதி முடித்ததும், ஸ்கிரிப்ட்டில் பிழை தேடும் ஷெல்செக்கில் ஒருமுறை ஓட்டுங்கள், இதையும் அது எச்சரிக்கும்.

கேள்வி: விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் உபுண்டுவில் 'பேட் இன்டர்ப்ரட்டர்' என்கிறது. பாஷ் இருக்கிறதே?

பாஷ் இருக்கிறது, வரி முடிவுதான் தவறு. விண்டோஸ் வரி முடிவில் கூடுதலாக ஒரு எழுத்தைச் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாது. முதல் வரியில் அது ஒட்டிக்கொண்டால் 'பாஷ்' என்ற பெயரே மாறிப்போகிறது. 'டாஸ்டுயூனிக்ஸ்' ஓட்டினால் இப்போதைக்குச் சரியாகும். திரும்ப வராமல் இருக்க ரெப்போவில் (கிட் சேமித்து வைக்கும் ஃபோல்டரில்) கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் வைத்து, ஸ்கிரிப்ட்டுகளுக்கு 'ஈஓஎல் சமம் எல்எஃப்' என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: என் லினக்ஸில் ஓடுவது தோழியின் மேக்கில் ஓடவில்லை.

மேக்குடன் வரும் பாஷ் 3.2, 2006இல் வந்த பழைய வரிசை. எண்ணுக்குப் பதில் சொல்லைச் சாவியாக வைக்கும் அரேக்கள் (மதிப்புகளின் பட்டியல்கள்) பாஷ் 4இல்தான் வந்தன. ஃபைலில் உள்ள எழுத்தை மாற்றும் 'எஸ்ஈடி மைனஸ் ஐ'யும் (மேலே சொன்ன 'செட்' வேறு) அங்கே வேறு மாதிரி: காப்புக்கோப்பின் பின்னொட்டைக் கேட்கும், வேண்டாமென்றால் வெற்று மேற்கோளாவது தர வேண்டும். பாதிப் பேர் மேக் என்றால் அந்த வேலைகளைப் பைத்தானில் எழுதுவதே நல்லது.

கேள்வி: டாட்ஃபைல்ஸ் (பெயர் புள்ளியில் தொடங்கும் அமைப்பு ஃபைல்கள்) ரெப்போவில் எஸ்எஸ்எச் ஃபோல்டரையும் போடலாமா?

கான்ஃபிக் ஃபைலைப் போடலாம். சர்வருக்குள் நுழைய விடும் தனிச்சாவியை எந்த ரெப்போவிலும் போடவே கூடாது, பிரைவேட் ரெப்போ என்றாலும்தான். ஒவ்வொரு கணினிக்கும் புதுச் சாவி உண்டாக்குங்கள்: 'எஸ்எஸ்எச்-கீஜென் மைனஸ் டி ஈடி25519'. சாவி ஃபைலுக்கு அனுமதி 600, ஃபோல்டருக்கு 700. ஏற்கெனவே புஷ் செய்து சர்வருக்கு அனுப்பிவிட்டீர்கள் என்றால், அடுத்த கமிட்டில் நீக்குவதால் பயனில்லை, வரலாற்றில் அது இருக்கும். முதலில் அந்தச் சாவியை எல்லா சர்வரிலிருந்தும் எடுங்கள், வரலாற்றைத் துடைப்பதெல்லாம் அப்புறம்.

கேள்வி: புது டெபியனில், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' வேலையே செய்யவில்லை அக்கா.

டெபியன் 12 முதல் அப்படித்தான். கணினியின் சொந்தப் பைத்தானைக் குலைக்காமல் காக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'வென்வ்' (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். தடையை மீறும் விருப்பக்குறி ஒன்று உண்டு, ஸ்கிரிப்ட்டில் அதை எழுதாதீர்கள்.

கேள்வி: தமிழ் தட்டச்சையும் ஸ்கிரிப்ட்டிலேயே சேர்க்க முடியுமா?

கட்டாயம் சேருங்கள். உபுண்டுவில் 'ஐபஸ்-எம்17என்' பேக்கேஜில் தமிழ்99 இருக்கிறது. எழுத்துருவுக்கு லோஹித் தமிழ் போதும். தமிழ்99 என்பது 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை, நான் இதில்தான் எழுதுகிறேன்.

கேள்வி: ஸ்கிரிப்ட் சரியா என்று பார்க்க லேப்டாப்பை அழிக்கவா முடியும்?

வேண்டாம். கணினிக்குள் கண்டெய்னர் என்ற தனிச் சூழலை உண்டாக்கும் டாக்கரில் வெற்று உபுண்டுவைத் திறந்து அதற்குள் ஓட்டுங்கள், முடிந்ததும் தூக்கிப் போடலாம். முதல் வரியிலேயே 'சூடோ இல்லை' என்று விழும், நிர்வாகி உரிமை தரும் அந்தக் கட்டளை டாக்கரின் உபுண்டு இமேஜில் (அச்சு வார்ப்பில்) கிடையாது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முதல் ஓட்டம் சரியாக முடிந்தால், அதே கண்டெய்னரில் உடனே இரண்டாம் முறையும் ஓட்டிப் பாருங்கள்.