இளையர் மிகுபுனைவுத் (fantasy) தொடரின் இரண்டாம் பாகம் ஏமாற்றினால் மூன்றாம் பாகத்தைப் படிக்க வேண்டுமா?

முதல் பாகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் நடுவில் தவிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதற்கு உங்கள் பொறுமையின்மை காரணமன்று.

நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் டோமி அடெயெமியின் ஒரீஷா தொடரில் நானும் என் மகளும் இதையே அனுபவித்தோம். அவள் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, 2018இல் முதல் நூலான ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ வெளிவந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுடைய தொன்மங்களில் வேர்கொண்ட உலகம் அது. மந்திர சக்தியை ஒடுக்கிவிட்ட அரசனின் நாட்டில், சுருள், எலும்புக் கத்தி, சூரியக்கல் ஆகிய மூன்றையும் சேர்த்து, அந்தச் சக்தியை மீட்கும் சடங்கை நிறைவேற்றக் கதாநாயகி ஸெலி ஓடும் ஓட்டத்தில், கொம்பு முளைத்த சிங்கத்தின் மேல் நாமும் ஏறிச் செல்வதுபோல் இருக்கும்.

2019 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கமும் அருமைதான்: சடங்கினால் திரும்பிய சக்தி, ஒடுக்கியவர்களின் கைக்கும் போய்விடுகிறது. ஆனால் அந்த முடிச்சை வளர்க்காமல், ஸெலியையும் இளவரசி அமாரியையும் ஒருவரையொருவர் சந்தேகிக்க வைத்தே கதை நகர்கிறது. சமாதானம் கைகூடும் வேளையில் யாராவது அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். மூவர் மாறி மாறிக் கதை சொல்வதால் எல்லார் மனமும் நமக்குத் தெரியும். முதல் பாகத்தில் விறுவிறுப்பைக் கூட்டிய அதே உத்தி, இங்கே ஒவ்வொரு தவறான புரிதலையும் எரிச்சலாக்கிவிடுகிறது. “அம்மா, இவங்க ரெண்டு பேரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசியிருந்தா புக்கே முடிஞ்சிருக்கும்” என்று ரயிலில் என் மகள் சொன்னதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

துயரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள், போரின் இயல்பே அதுதான் என்று சிலர் வாதிடுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு முறை நிகழ்ந்தால் அது துயரம், மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் பக்கத்தை நிரப்பும் வேலை. இளையர் நூலை அளக்க நாற்பதைத் தாண்டியவள் யார் என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: எனக்கு முன்பே சலித்தவள் என் மகள்தான்.

இரண்டாம் பாகம் என்றாலே தொய்யும் என்பதும் சாக்குதான். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ தொடங்கும்போதே கல்கி நம்மைக் கோடிக்கரைக்குக் கொண்டுபோய்ப் பூங்குழலியைக் காட்டுகிறார். பிறகு வந்தியத்தேவனைப் படகேற்றி ஈழத்துக்கு அனுப்புகிறார். புது நிலமும் புது மனிதர்களும் வந்தபின் பழைய பகைகூடப் புதிதாகத் தெரிகிறது.

மூன்றாம் பாகம் 2024இல்தான் வந்தது. அதற்குள் என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போய்விட்டாள். அதைத் தொடக்கூட இல்லை. ஆகவே, காசு கொடுத்து வாங்காதீர்கள். சிங்கப்பூர் வட்டார நூலகத்தில் 21 நாள் இரவல் கிடைக்கும்; முதல் நூறு பக்கங்களில் புதிதாக ஓர் இடமோ ஆளோ உங்களைப் பிடித்து இழுக்கவில்லையென்றால், தவணை முடியும்வரை காத்திருக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.