கம்போங் குவாந்தான் மின்மினிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: மலேசியாவின் கோல சிலாங்கூரில், கம்போங் குவாந்தான் ஆற்றில் படகில் போய் மின்மினிகளைப் பார்த்தோம். எங்கள் தோட்டத்தில் பறக்கும் மின்மினியும் இதுவும் ஒன்றா?

பதில்: குடும்பம் ஒன்று, இனம் வேறு. மின்மினிகள் எல்லாமே வண்டுகள்தான். லாம்பிரிடே குடும்பத்தில் 2,000 இனங்களுக்கு மேல் உண்டு. ஆற்றோரத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் டெரோப்டிக்ஸ் டெனர். அரிசி மணி அளவுதான் இருக்கும். டெரோப்டிக்ஸ் என்றால் மடிந்த சிறகு. இந்தப் பேரினத்தின் பெரும்பாலான ஆண்களுக்கு, கெட்டியான முன்சிறகின் நுனி கீழ்நோக்கி மடிந்திருக்கும். வகைப்படுத்துவோர் முதலில் தேடுவதே அந்த மடிப்பைத்தான். ஆணுக்கு வயிற்றின் கடைசி இரண்டு கண்டங்களில் விளக்கு, பெண்ணுக்கு ஒன்றில் மட்டும்.

கேள்வி: மரம் முழுக்க ஒரே நேரத்தில் மின்னுவது நிஜமா, கண்ணின் மயக்கமா?

பதில்: நிஜம். 1917இல் ஃபிலிப் லாரண்ட் என்பவர், தன் இமை துடித்ததால்தான் அப்படித் தெரிந்தது என்று எழுதினார்! அப்புறம் ஆய்வாளர்களான ஜான் பக், எலிசபெத் பக் தம்பதி தாய்லாந்துக்குப் போய் டெரோப்டிக்ஸ் மலாக்கே இனத்தைப் படம்பிடித்து அளந்தார்கள். ஏறக்குறைய 560 மில்லிநொடிக்கு ஒரு மின்னல் என்று 1968இல் வெளியிட்டார்கள். தாளம் போட்டுக்கொடுக்கத் தலைவன் யாரும் இல்லை. அக்கம்பக்கத்து ஒளியைப் பார்த்து ஒவ்வொரு ஆணும் தன் உள்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலித்ததில்லை.

கேள்வி: மின்மினிகள் கூடும் ஆற்றோரப் பெரம்பாங் மரங்களை மட்டும் காப்பாற்றினால் போதுமா?

பதில்: போதாது. இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மரம் இணை தேடிக் கூடுகிற இடம், அவ்வளவுதான். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வாழ்நாளின் பெரும்பகுதி கரைக்குப் பின்னால் உள்ள ஈரமண்ணில் கழிகிறது. அங்கே புழுக்கள் சிறு நத்தைகளை வேட்டையாடித் தின்னும். கரையோரக் காட்டை வெட்டிச் செம்பனை நட்டால் மண் காயும், நத்தை போகும். மரம் பச்சையாகவே நிற்கும், ஆனால் மின்னாது.

கேள்வி: பிள்ளைக்குக் காட்ட இரண்டு பிடித்துப் போத்தலில் போடலாமா?

பதில்: வேண்டாம். டார்ச்சும் கைப்பேசி ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அடையாளம் காண முடியாமல் போய்விடும். நிலவில்லாத இரவில் போங்கள், பிள்ளைக்கு அங்கேயே நன்றாகத் தெரியும்.