சரித்திரத் தொடர்கள் டிவியில் மட்டும் ஏன் மலிவான நாடகம் மாதிரித் தெரிகின்றன?

பெரும் செலவில் எடுத்த சரித்திரத் தொடரும் கற்பனை உலகத் தொடரும் போனில் நன்றாக இருக்கின்றன, புதிதாக வாங்கிய 55 இஞ்ச் டிவியில் போட்டால் ஸ்டூடியோ நாடகம் மாதிரி இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் சரி, டிவியில் பிழை என்றால் முதலில் தொடரைத் திட்டாதீர்கள். டிவியின் மோஷன் செட்டிங்கைப் பாருங்கள்.

இந்தத் தொடர்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 24 பிரேம் கணக்கில் எடுக்கப்படுபவை. டிவி அந்தப் பிரேம்களுக்கு நடுவில், எடுக்கவே எடுக்காத பிரேம்களைத் தானே செய்து செருகி 60 அல்லது 120 ஆக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, பந்து இழுபடாது. ஆனால் வாளும் மேலங்கியும் குதிரையும் அதே வழவழப்பில் ஓடினால் உடுப்பு வாடகை உடுப்பாகத் தெரியும், கோட்டைச் சுவர் பலகையாகத் தெரியும். 24 பிரேம் என்றால் சினிமா, 50 - 60 என்றால் செய்தியும் ஸ்டூடியோவும் என்று நம் கண் பல வருடமாகப் பழகிவிட்டது.

சம்சுங்கில் இதன் பெயர் ஆட்டோ மோஷன் ப்ளஸ், புது மொடல்களில் பிக்சர் க்ளாரிட்டி. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. பிக்சர் மெனுவுக்குள் எக்ஸ்பர்ட் அல்லது அட்வான்ஸ்ட் பகுதியில் இருக்கும். ஓஃப் செய்யுங்கள். 60 ஹேர்ட்ஸ் டிவியில், அதாவது செக்கனுக்கு 60 தடவை படம் காட்டும் டிவியில், ஓஃப் செய்ததும் கமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகள் கொஞ்சம் துள்ளும். 24ஐ 60க்குள் சரிசமமாகப் பங்கிட முடியாததால், ஒரு பிரேம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் காட்டப்படுகிறது. துள்ளல் தாங்க முடியாவிட்டால் கஸ்டம் என்பதில் ஜடர் (துள்ளல் குறைப்பு) அளவை 1 அல்லது 2 வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபில்ம்மேக்கர் மோட் இருக்கிற டிவி என்றால் அதை மட்டும் போட்டாலே போதும். கடையில் பளிச்சென்று தெரிய வைத்த விவிட் மோடில் வருடக்கணக்காகப் பார்க்கிற வீடுகள் கொழும்பில் எத்தனையோ!

இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு வியாதி. 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' எட்டாவது சீசனின் மூன்றாவது பாகம், 2019இல் உலகம் முழுக்கத் திட்டு வாங்கிய இரவுப் போர், நல்ல உதாரணம். வேண்டுமென்றே இருட்டாக எடுத்தது அது. ஆனால் இணைய வேகம் குறையும்போது முதலில் பலியாவது கறுப்புத்தான். கறுப்பு கட்டம் கட்டமாக உடைந்தால் வேகம் போதாது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு: 1080க்கு (ஃபுல் எச்டி) 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. டேட்டா பேக்கேஜில் பார்க்கிறவர்கள் கவனிக்க, 4கே மணிக்கு 7 ஜிபி வரை குடிக்கும். கட்டம் இல்லாமல் ஒரே மையாக இருந்தால் டிவியின் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈகோ மோடையும் வெளிச்ச சென்சரையும் ஓஃப் செய்யுங்கள். ஜன்னல் வெயிலுக்கு எந்த செட்டிங்கும் மருந்தில்லை. அந்த மாதிரிப் பாகங்களை இரவுக்கு வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் போலியாகத் தெரிந்தால்தான் குற்றம் தொடரில். அங்கேயும் சனம் சிரிக்கிற பிழை ஒன்று, உண்மையில் கதையைக் கெடுக்கிற பிழை இன்னொன்று. அதே சீசனின் நாலாவது பாகத்தில் மேசையில் மறந்து விடப்பட்ட கோப்பிக் கப்பை ஓரிரு நாளில் கணினியால் அழித்துவிட்டார்கள். கதைக்கு ஒரு சேதமும் இல்லை. விளம்பர நிறுவனத்தைப் பற்றிய 'மேட் மென்' தொடரின் கதை 1960இல் தொடங்குகிறது, அலுவலக மேசைகளில் இருக்கும் ஐபிஎம் செலெக்ட்ரிக் டைப்ரைட்டர் 1961இல்தான் விற்பனைக்கு வந்தது. யாருக்கு வலித்தது? ஆனால் த்ரோன்ஸின் முதல் பாகத்தில் அரச பரிவாரம் தலைநகரிலிருந்து வடக்கே வர ஒரு மாதம் எடுக்கிறது. ஏழாவது சீசனில் ஒருவன் வடக்கு எல்லையிலுள்ள பெருஞ்சுவர் வரை ஓடி, அங்கிருந்து அண்டங்காக்கை தெற்கே பறந்து, டிராகன் திரும்பி வரும்வரை மற்றவர்கள் உறைந்த ஏரி நடுவில் உயிரோடு காத்திருக்கிறார்கள். டிராகனை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. தூரத்தைச் சுருக்கியதும் ஆபத்தும் சுருங்கிப் போகிறது, அதுதான் பொறுக்கவில்லை.

நம் பக்கத்துச் சரித்திரத் தொடர்களில் நான் முதலில் பார்ப்பது பின்னணிச் செடியும் சாப்பாட்டுத் தட்டும். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியே வந்தவை. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல், ராஜராஜ சோழன் ஆண்டது 985 முதல் 1014 வரை. சோழ சமையல்கட்டில் செத்தல் மிளகாய் தொங்கினால் கலை இயக்குநர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். ரூபவாஹினி 'சுஜாத தியணி' என்று சிங்களத்தில் ஓட்டிய கொரிய அரண்மனைத் தொடருக்கும் இதே கணக்கு. அந்தக் கதையின் அரசர் ஜுங்ஜொங் 1544இல் இறந்தார், மிளகாய் அங்கே போனது அந்த நூற்றாண்டின் கடைசியில். 1815க்கு முந்திய கண்டி ராச்சியக் கதையில் பின்னால் தேயிலை மலை தெரிந்தாலும் அப்படித்தான். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டமாக நட்டது 1867இல்.

உடுப்பில் நிறத்தைவிட மினுக்கத்தைப் பாருங்கள். ஆழ்ந்த சிவப்பு பிழையில்லை, மன்னார் பக்கம் சாயவேர் என்ற செடியின் வேரைக் கிண்டி அந்தச் சிவப்பை எடுத்தார்கள். கண்ணைக் கூசும் ரோஸும் ஊதாவும், 1856இல் முதல் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிந்திய நிறங்கள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும் துணி பெரும்பாலும் பொலியெஸ்டர். சேற்றில் நடந்து வந்தவரின் கரை சுத்தமாக இருந்தால் மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

கொழும்பில் நடக்கும் ஐம்பதுகள், அறுபதுகளின் கதை என்றால் கொடியைப் பாருங்கள். சிங்கத்தைச் சுற்றி மூலைகளில் அரச மர இலை வந்தது 1972இல், பச்சையும் செம்மஞ்சளுமான பட்டிகள் 1951இல்.

கடைசியாக மொழி. 'ஷோகன்' (2024) மாதிரித் தொடரை டப்பிங்கில் பார்க்க வேண்டாம். அதில் பெரும்பகுதி ஜப்பானிய மொழி, கேட்கும் ஆங்கிலம் போர்த்துக்கேய மொழிக்குப் பதிலாக நிற்பது. மொழிபெயர்ப்பாளராக வரும் மாரிகோ என்ற பெண், ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொஞ்சம் மாற்றிச் சொல்லுகிற இடங்களில்தான் அரசியல் நடக்கிறது. எல்லாரும் ஒரே மொழியில் கதைத்தால் அவள் ஏன் குறுக்கே நிற்கிறாள் என்றே விளங்காது. மூல ஒலியை வைத்து சப்டைட்டில் போடுங்கள். எழுத்து சின்னதென்றால் சப்டைட்டில் மெனுவிலேயே அளவைப் பெரிதாக்கலாம், பின்னால் கறுப்புப் பட்டியும் வைக்கலாம். பனிக் காட்சிகளில் வெள்ளை எழுத்தை வாசிக்க அந்தப் பட்டி கட்டாயம் வேண்டும்.