ஓர்த்தோனாவுக்கு ஒரு நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மயிலாப்பூரில் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இத்தாலியில் ஓர்த்தோனா என்ற கடற்கரை ஊரிலும் அவர் கல்லறை இருக்கிறதாமே, எது உண்மை?
- வாசகி, குன்னூர்

மரபு சொல்வதை வரிசையாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கதைக்குள் வந்துவிடும். கி.பி. 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் அடக்கம் செய்தார்கள், பிற்பாடு எலும்புகள் எடெஸ்ஸாவுக்குப் போயின (அந்த ஊர் இப்போது துருக்கியில் இருக்கிறது), அங்கிருந்து கிரேக்கத் தீவான கியோஸுக்கு. 1258இல் லியோனே அச்சாயுவோலி என்ற ஓர்த்தோனா கப்பல் தலைவர் கியோஸ் பக்கம் போனவர், கோயிலில் கும்பிட்டதோடு நிற்காமல் எலும்புகளையும் கல்லறைப் பலகையையும் சேர்த்துக் கப்பலில் ஏற்றிவிட்டார். பக்தி என்பதா கொள்ளை என்பதா? அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய வேலி கிடையாது. 1566இல் துருக்கியக் கடற்படை ஓர்த்தோனாவுக்கு வந்து கோயிலைக் கொளுத்தியபோதும் எலும்புகள் தப்பிவிட்டன என்கிறார்கள்.

இன்று பேராலயத்தின் கீழறையில் பலிபீடத்துக்குள் இருக்கின்றன. கியோஸிலிருந்து வந்த கிரேக்க எழுத்துள்ள அந்தக் கல்லும் அங்கேதான் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். மயிலாப்பூர் சாந்தோமில் வெறுங்கல்லறை, ஓர்த்தோனாவில் எலும்பு, அவ்வளவுதான் கணக்கு. எலும்பு அவருடையதுதானா என்று யாரும் நிரூபித்ததில்லை. நம்பிக்கையோடு போகிறவருக்கு அது தடையும் இல்லை. ஊர்த் திருவிழா மே மாத முதல் ஞாயிறை ஒட்டி நடக்கும், முடிந்தால் அப்போது போங்கள்.

அப்பா அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ரோமிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா?
- வாசகர், கோத்தகிரி

திரும்பலாம், ஆனால் அவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்பேன். ரோம் இந்தக் கரையில், ஓர்த்தோனா அட்ரியாட்டிக் கடல் பக்கம், நடுவே முழு மலைத்தொடரும் கிடக்கிறது. ரோமின் திபுர்த்தீனா நிலையத்திலிருந்து பெஸ்காரா என்ற ஊருக்குப் பேருந்து பிடியுங்கள், ரயிலைவிட அதுதான் பெரும்பாலும் சீக்கிரம் போகும், வளைவு நெளிவெல்லாம் உங்களுக்குப் புதிதா என்ன. பெஸ்காராவிலிருந்து ஓர்த்தோனாவுக்கு உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கே ஒரு சிக்கல்: நிலையம் கீழே கடலோரம், ஊர் மேலே குன்றின் விளிம்பில். பெட்டியோடு ஏறாதீர்கள், டாக்சிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இரண்டு ராத்திரி தங்குங்கள். மதியம் கோயில், கடை எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஊரே சாப்பிடப் போய்விடும், ஒரு நாள் பயணத்தில் பாதி நேரம் பூட்டிய கதவைப் பார்ப்பதிலேயே போகும். தங்கினால் காலையில் கோயில், சாயங்காலம் கடலை ஒட்டிய நடைபாதை வழியாக அரகோன் அரசர்கள் காலத்து 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை என்று நிதானமாகப் பார்க்கலாம். தெற்கே கொஞ்ச தூரம் போனால் திராபொக்கோ என்ற மீன்பிடி மேடைகள், கடலுக்குள் மரக்கால் ஊன்றி வலை தொங்கவிட்டிருப்பார்கள், சிலவற்றை இப்போது உணவகமாக்கிவிட்டார்கள். விலை கூடுதல்தான், ஒரு வேளை சாப்பிடுங்கள் போதும். அந்தக் கரையில் ஓடிய பழைய ரயில் பாதையைத் தண்டவாளம் எடுத்துவிட்டு சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள் (நம் மலை ரயில் பிரியர்கள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம்).

விசாவுக்குப் பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, கைரேகைக்கு இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும்.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் சண்டை போட்டவர். அந்தப் பக்கம் இந்திய வீரர்கள் நினைவாக ஏதாவது இருக்கிறதா?
- வாசகர், வெலிங்டன்

இருக்கிறது, நம் ஆட்களில் பலர் தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். 1943 டிசம்பர் 20 முதல் 28 வரை ஓர்த்தோனாவில் கனடா படையும் ஜெர்மன் பாராசூட் படையும் வீடு வீடாகச் சண்டை போட்டன. தெருவில் தலை நீட்டினால் குண்டு என்பதால், கனடாக்காரர்கள் வீட்டுச் சுவரை வெடி வைத்துத் துளைத்து அடுத்த வீட்டுக்குள் புகுந்து முன்னேறினார்கள். ஊர் மக்கள் மட்டும் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். தோமையார் கோயிலும் தகர்ந்தது, இப்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் போருக்குப் பின் எடுத்துக் கட்டியது. கனடா வீரர்களின் கல்லறைகள் ஊருக்குத் தெற்கே இருக்கின்றன.

நீங்கள் போக வேண்டியது இன்னும் தெற்கே, தொரீனோ தி சங்ரோ ஊர்ப்பக்கம் உள்ள சங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறைக்கு. 8ஆவது இந்திய டிவிஷன் அந்த ஆற்றங்கரையில் சண்டை போட்டது. தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். தாத்தாவோடு போய்த் திரும்பாத நண்பர்கள் பெயர் ஏதாவது நினைவிருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கிளம்பும் முன்பே தேடிப் பாருங்கள், எந்தப் பலகை என்றே சொல்லிவிடும். பேருந்தை நம்ப வேண்டாம், கார் எடுங்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒரே ஒரு கடற்கரை ஊர் என்றால் ஓர்த்தோனாவா, அமால்ஃபியா?
- வாசகர், ஊட்டி

அமால்ஃபி. அங்கேயும் ஓர் அப்போஸ்தலர் இருக்கிறார், அந்திரேயா, பேராலயத்துக்குப் படி 62. எலுமிச்சைத் தோட்டம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருக்கும், படம் நன்றாக வரும். ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள், சீசன் நேரத்து ஊட்டியில் இருப்பவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.