அமுக்குவான் பேயைத் தேடும் பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

மகளை என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டு நாமக்கல் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். அப்பாவும் அம்மாவும் வாயே திறக்கவில்லை, பேசியதெல்லாம் பெரியப்பாதான். "இன்னும் ஒரு வருஷம் கோச்சிங். கிடைக்கலைன்னா வெளிநாட்டுல எம்பிபிஎஸ். வீட்டுப் பத்திரம் இருக்குல்ல?"

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் "கவலைப்படாதீங்கம்மா" என்று தண்ணீர் கொடுத்தேன். ஆறுதல் அதோடு சரி. "பத்திரம் உங்க பேர்லயா இருக்கு?" என்று பெரியப்பாவிடம் கேட்டேன். பதில் இல்லை.

பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். பத்தாவது படிக்கும்போது விடியற்காலையில் விழிப்பு வந்தும் கைகால் அசையாதாம், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். அமுக்குவான் பேய் என்று பாட்டி தலைமாட்டில் இரும்பு வைத்தார். இவளோ காரணத்தைத் தேடிப் படித்திருக்கிறாள். கனவு வரும் ரெம் தூக்கத்தில் மூளை தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கும். கட்டு அவிழும் முன்பே நினைவு திரும்பிவிட்டால் இப்படி ஆகும். "மனநோய் வந்தவங்களுக்குத் தூக்கம் ஏன் சார் முதல்லயே கெடுது?" என்று என்னையே கேட்டாள். கோச்சிங்கில் கழிந்த இரண்டு வருடத்தில் இதைப் பேச அவளுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

மனநல மருத்துவர் ஆக எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்டி மூன்று வருடம். சீட் கிடைத்தவர்கள் தாராளமாகப் போகட்டும். நான் இவளுக்குச் சொன்னது தூக்க ஆய்வகத்தில், அதாவது நோயாளியை ராத்திரி தூங்கவைத்துத் தூக்கக் கோளாறைப் பரிசோதிக்கும் இடத்தில், உட்காரும் டெக்னாலஜிஸ்ட் வேலை.

முதலில் நோயாளியின் தலையை டேப் வைத்து அளக்க வேண்டும். மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரைக்கும் உள்ள நீளத்தைப் பத்து, இருபது சதவீதமாகப் பிரித்துக் குறி போடுவார்கள். 10-20 முறை என்ற பெயரே அதனால்தான். குறி போட்ட இடத்தைத் தேய்த்துத் துடைத்து, பேஸ்ட் வைத்து மூளையின் மின் அலையைப் பிடிக்கும் எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும். எண்ணெய்த் தலையோடு வந்தால் அரைமணி நேரம் போச்சு. கண்ணோரம், தாடை, கால், மூக்கடி, மார்புப் பட்டை, விரல் நுனி என்று ஒயர் நீளும். பிறகு, முப்பது வினாடிக்கு ஒரு பக்கமாக மூளை அலையைப் படிக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம்! ஆழ்ந்த தூக்கத்தில் அலை உயர்ந்து மெதுவாக உருளும். ரெம் வந்தால் கண் துடிக்கும், தாடைத் தசையைக் காட்டும் கோடு படுத்துவிடும். அந்தக் கோடு படுக்காமல், நோயாளி தூக்கத்திலேயே கையை வீசினால் அது வேறு கோளாறு. அப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சில வருடம் கழித்துப் பார்க்கின்சன் வருவதுண்டு. மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இங்கேதான் பிடிபடும். வலிப்பு நோய்க்கும், ஐசியூவில் நினைவின்றிக் கிடப்பவருக்கும் மூளை அலையைப் பதியும் இதே இஇஜி பரிசோதனைதான். அதனால் தூக்க ஆய்வகம் மட்டுமே கதி என்றில்லை.

இந்த வேலைக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பாராமெடிக்கல் படிப்புகளில் பி.எஸ்சி. நியூரோ எலக்ட்ரோபிசியாலஜி இருக்கிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இரண்டு வருட நியூரோ டெக்னாலஜி டிப்ளமோ உண்டு. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களும் அதில் சேரலாம் என்றால் யாரும் நம்புவதில்லை.

கல்லூரியில் ஏசி வகுப்பறையைக் காட்டுவார்கள். நீங்கள் இஇஜி அறையைக் காட்டச் சொல்லுங்கள். சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரியில் பணம் கட்ட வேண்டாம். முதல் சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் கடனும் இருக்காது. வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

"பொம்பளைப் புள்ளைக்கு ராத்திரி டூட்டியா?" என்றார் பெரியப்பா. "டாக்டருக்கு மட்டும் ராத்திரி டூட்டி இல்லையா பெரியப்பா?" என்று மகளே கேட்டுவிட்டாள். அன்றைக்கு அப்பா முதல் முறையாகச் சிரித்தார்.