இரண்டு தண்ணீரும் ஒரே குடத்திலா?

கேள்வி: கொசஸ்தலை ஆற்றில் அணை கட்டப் பார்க்கிறது ஆந்திரா. கிருஷ்ணா தண்ணீரையும் மனசு வந்தால்தான் விடுகிறது. இன்னும் எத்தனை காலம் கடிதம் எழுதிக் கெஞ்சுவது? நம் உரிமையை அதிரடியாக வாங்க வேண்டாமா?
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: கோபம் புரிகிறது. லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போகிறவருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் நீங்கள் இரண்டு தண்ணீரை ஒரே குடத்தில் ஊற்றிவிட்டீர்கள்.

கிருஷ்ணா நம் ஆறே இல்லை. சென்னைப் பக்கம் அது தலைவைத்துப் படுத்தது கிடையாது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) தர 1976-ல் சம்மதித்தன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது ஆந்திரத்தோடு ஒப்பந்தம் ஆனது. 15-ல் வழியில் வீணாகும் 3 போக எல்லையில் 12. ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. ஸ்ரீசைலத்தில் கிளம்பி ஆந்திராவின் சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்களில் நின்று நின்று, ஊத்துக்கோட்டை தாண்டி அது நம் பூண்டி ஏரிக்கு வந்து சேர 1996 ஆகிவிட்டது.

ஆக, இது பிறப்புரிமை இல்லை, பேசி வாங்கியது. நன்றாகவே பேசி வாங்கியிருக்கிறார்கள். ஆந்திராவும் சும்மா தலையாட்டவில்லை. சென்னையின் தாகத்தைச் சொல்லி வெட்டிய கால்வாயில் ராயலசீமைக்கும் நெல்லூருக்குமாக 5.75 லட்சம் ஏக்கர் பாசனத்தையும் சேர்த்துக்கொண்டது. பெயரே ‘தெலுங்கு கங்கை’ அல்லவா! குடிக்கத்தானே கொடுத்தோம், பாசனம் எங்கிருந்து வந்தது என்று மற்ற இரண்டு மாநிலங்களும் முகம் சுளித்தன. அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் தங்கள் வயலுக்கும் பாயும் என்று தெரிந்திராவிட்டால், ஆந்திர விவசாயிகள் பக்கத்து மாநிலத்து நகரத்துக்காகத் தங்கள் நிலத்தில் அவ்வளவு நீளக் கால்வாய் வெட்ட விட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். அதே வயல்காரர்கள்தான் இன்று கால்வாயில் மோட்டார் போட்டு நம் பங்கையும் இறைக்கிறார்கள். இதை ஒப்பந்தத்தைக் காட்டி, மாதாமாதம் எல்லையில் அளந்த கணக்கைக் காட்டிக் கேட்கலாம். பராமரிப்புச் செலவில் நம் பாக்கியை வைத்துக்கொண்டு கேட்டால் மட்டும் குரல் எடுபடாது. கண்டலேறு மதகு அவர்கள் கையில் இருக்கும்போது அதிரடி எங்கே போய்க் காட்டுவது?

இன்னொன்று, திட்டாதீர்கள். 2018 காவிரித் தீர்ப்பில் பெங்களூருக்குக் குடிநீர் என்று 4.75 டி.எம்.சி. சேர்த்துக் கொடுத்தபோது, ‘அந்த ஊரில் மூன்றில் ஒரு பங்குதானே காவிரிப் படுகையில் இருக்கிறது’ என்று நாம் கொதித்தோம். கிருஷ்ணாப் படுகையில் சென்னை எத்தனை பங்கு?

கொசஸ்தலை கதை வேறு. இது நம் ஊர் ஆறு, கீழ்மடைக்காரர் என்ற உரிமை நமக்கு நிஜமாகவே உண்டு. கார்வேட்டிநகரம் பக்கம் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திரா திட்டமிட்டபோது 2022 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் எழுதிய கடிதம் கெஞ்சல் இல்லை. மேலே தடுத்தால் பூண்டி காயும் என்று ஆட்சேபிக்க வேண்டியதை ஆட்சேபித்தார். அது எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்கும்.

ஆனால் அந்தப் படுகை மொத்தம் 3,727 சதுர கிலோமீட்டர். ஆந்திராவில் இருப்பது 877. மிச்சமெல்லாம் நம் கையில். மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளை இறைத்து இறைத்துக் கடலை உள்ளே கூப்பிட்டது யார்? எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைப் படியவிட்டது யார்? எல்லாம் உள்ளூர் சமாச்சாரம். நவம்பரில் பூண்டி உபரி நீரைத் திறந்தால் மணலி புதுநகரில் வீட்டுக்குள் நுழைவதும் இதே ஆறுதான். மேலே அணை கட்டாதே என்று கேட்கும் நாம், மழைக்காலத்து உபரியை எங்கே தேக்கப் போகிறோம் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் அரை டி.எம்.சி.யைத்தான் புதிதாகக் காட்ட முடியும்.

உங்கள் பேட்டையை ஒட்டிய கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அத்தனை நல்ல தண்ணீர் குடிக்க மிச்சமாக, ஆந்திராவுக்கு ஒரு கடிதம்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.