என்ன பாட்டு அது? – கணினி கேள்வி பதில்

கேள்வி: டி.வி. பாட்டுப் போட்டியில் ஒருவர் பாடியதை, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாசாம் செயலியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதே பாட்டு ரேடியோவில் வந்தால் உடனே சொல்லிவிடுகிறது. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஷாசாம் தேடுவது மெட்டை அல்ல, குறிப்பிட்ட ஒலிப்பதிவை. எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி ஒலிக்கிறது என்ற உச்சங்களை மட்டும் பொறுக்கி, ஜோடி சேர்த்து, இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தையும் சேர்த்து எண்ணாக்கி, தன்னிடம் உள்ளவற்றோடு ஒப்பிடும். இரைச்சலிலும் உச்சங்கள் பல அமுங்காமல் நிற்பதால் டீக்கடைப் பாட்டுகூடச் சிக்கிவிடுகிறது. மேடையில் வேறொருவர் பாடும்போது மெட்டு அதேதான். சுருதியும் வேகமும் வாத்தியங்களும் மாறிவிடுவதால் எண்கள் பொருந்துவதில்லை.

அதற்கு, 2020-ல் வந்த கூகுளின் முணுமுணுப்புத் தேடல்தான் சரி. போனில் கூகுள் செயலியின் மைக்கைத் தொட்டு, பாட்டு தேடும் பொத்தானை அழுத்தி, 10 முதல் 15 விநாடி முணுமுணுங்கள். வரிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பல்லவியைப் பாடுவது நல்லது. இடையிசையைப் பாடினால் பெரும்பாலும் வேறெதையோ காட்டும். முதல் விடையோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் ஓடும் வீடியோவின் பின்னணிப் பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?
– வாசகி, கோவை

பதில்: குரோம் உலாவியில் ஷாசாம் நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவினால், மைக் இல்லாமல் வீடியோ ஓடும் தாவலின் (டேப்) ஒலியை நேராகவே கேட்கும். வசனம் இல்லாத இடமாகப் பார்த்து அழுத்துங்கள். வேறு பிளேயரில் ஓடுகிறதென்றால், விண்டோஸில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, ஆடியோ ஹோஸ்டை வசாபி (WASAPI) என்று மாற்றி, ரெக்கார்டிங் சாதனமாக ‘லூப்பேக்’ என்று முடிவதைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போனில் தேடலாம்.

அப்படியும் கிடைக்கவில்லையா? வீடியோ போட்டவர் பாட்டின் வேகத்தைக் கூட்டியிருக்கலாம். இரைச்சலைத் தாங்கும் ஷாசாம் வேக மாற்றத்தை அவ்வளவாகத் தாங்காது. அதிர்வெண், நேரம் இரண்டும் நகர்ந்துவிடும். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்டில் 0.8 கொடுத்துப் பாருங்கள், 1.25 மடங்கு ஓட்டம் பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

கேள்வி: ‘ட்ராக் 01’ என்றே பெயருள்ள எம்பி3 கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேட்கத்தான் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்டு என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கோப்புகளை உள்ளே இழுத்துப் போட்டு, ஒலியை வைத்துத் தேடும் ‘ஸ்கேன்’ பொத்தானை அழுத்துங்கள். ‘லுக்கப்’ அல்ல, அது கோப்பில் ஏற்கெனவே எழுதியிருக்கும் விவரத்தை வைத்துத் தேடுவது, உங்கள் கோப்புகளில் அதுவே இல்லை. கிடைத்தவை வலப்பக்கம் போய்ச் சேரும், சரிபார்த்துச் சேமியுங்கள். கோப்பின் பெயரும் மாற வேண்டுமானால் அமைப்புகளில் அதற்கான கட்டத்தை ‘டிக்’ செய்ய வேண்டும்.

இது பாட்டின் தொடக்கத்திலிருந்து சுமார் 2 நிமிடத்தைத்தான் அளக்கிறது. முன்பகுதி வெட்டப்பட்ட பாட்டும், கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதும் தேறாது. கேசட் கோப்பைப் பாட்டுப் பாட்டாக வெட்டிய பிறகு ஸ்கேன் செய்யுங்கள். இதன் தரவுத்தளம் தன்னார்வலர்கள் சேர்த்தது என்பதால் பழைய தமிழ்ப் பாடல்கள் பல விடுபட்டிருக்கும். அவற்றை மட்டும் ஷாசாமில் ஓடவிட்டுப் பாருங்கள்.